ரோடு நின்றபோது தெரிந்த நடுக்கம்

போன வாரம் உங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தின் முன்னால் நின்று நான் சிரித்தேன். உங்களில் ஒரு பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது. மாதக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்திருப்பார். ரிடையர் ஆன கிழவி வந்து சிரித்தால் கோபம் வராதா? நியாயமான கோபம்தான். படத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டில் ஊர்களைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. 1819 கட்ச், 1897 அசாம், 1905 காங்ரா, 1934 பீகார், 1967 கொய்னா, 1993 லாத்தூர், 2001 புஜ். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது.

நான் சிரித்தது அடியில் எழுதியிருந்த ஒரு வரிக்காக. "கடந்த நூற்றாண்டில் நிலநடுக்கங்கள் பெருமளவு அதிகரித்துள்ளன" என்று எழுதியிருந்தீர்கள். பூமி உங்களிடம் வந்து சொன்னதா?

பழைய புள்ளிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். துறைமுகம் இருந்த இடம், பட்டாளம் தங்கிய இடம், அரண்மனை இருந்த இடம். எழுதத் தெரிந்தவன் இருந்த ஊரில்தான் நிலம் நடுங்கியதாக நம்முடைய சரித்திரம் சொல்லும். ஒரு மலையூரில் நாலு வீடு விழுந்தால், விழுந்தவர்கள் மூங்கிலை வெட்டி வந்து மறுபடி வீட்டைக் கட்டிக்கொண்டு தினை விதைக்கப் போயிருப்பார்கள். அதை யார் எழுதிவைத்தது? 1900-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் நடுங்கியது நமக்குத் தெரிகிறதென்றால், அங்கே ரயில் இருந்தது, செய்தி போட ஆளிருந்தது. அப்புறம் கருவிகள் வந்தன, புள்ளிகள் பெருகின. பெருகியது நடுக்கமா, காதா?

இதைப் பாடமாகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான் ஆட்டினேன். அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கேட்டுவிட்டு அந்த வரியை வைத்துக்கொள்வதா அடிப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எண்பதுகளில் ஒரு சமயம் கல்வராயன் மலையில் சில ஊர்களில் தரைக்கு அடியில் உறுமல் கேட்டது. பாத்திரங்கள் உருண்டன. மலையடிவாரத்தில் அணை ஒன்று இருந்ததால் எங்கள் மேலதிகாரிகளுக்குக் கவலை வந்துவிட்டது. கொய்னாவில் அணைக்குப் பக்கத்தில்தான் முதலில் குட்டிக் குட்டியாக நடுங்கி, பிறகு பெரிதாக ஒன்று வந்து ஊரையே கவிழ்த்தது. அதிலிருந்து அணைப்பக்கம் சின்ன அதிர்வு என்றாலே நிலநடுக்கம் பார்க்கும் எங்கள் துறையில் எல்லோரும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் ரோட்டோரமாக ஓர் ஒற்றை அறையைக் கட்டி, தற்காலிக நிலையம் என்று பெயர் வைத்து, என்னை உட்கார வைத்தார்கள். நான் தியாகதுருகத்துப் பெண். அப்பாவுக்கு மூன்று காணி நிலம், எனக்குப் பௌதிகத்தில் ஒரு பட்டம். ரோட்டுக்கு அவ்வளவு ஒட்டினாற்போல் ஏன் நிலையம் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். கரண்ட் கம்பம் அங்கேதான் இருந்தது.

சுற்றுப்பட்டில் அதற்கு 'அதிர்ச்சி ஆபீஸ்' என்று பெயர். "அங்க போனா ஷாக் வெப்பாங்களாமே?" என்று பெண்கள் என்னிடமே கேட்பார்கள். "ஒனக்கு வெக்கணுமா, வா" என்பேன்.

கருவியைப் பற்றி ரொம்பச் சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்கப் போவதில்லை. அறைக்கு வெளியே மண்ணில் புதைத்த உணர்கருவி. உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் ஓர் உருளை. உருளைமேல் மண்ணெண்ணெய்ப் புகையில் கரி ஏற்றிய தாள். அதன்மேல் ஓர் ஊசி வெள்ளையாகக் கோடு கிழித்துக்கொண்டே போகும். நிலம் ஆடினால் கோடு ஆடும், அவ்வளவுதான். ஆனால் நிலத்தை ஆட்டுவது பூமி மட்டும் இல்லையே. கரும்பு ஏற்றிய லாரி, செங்கல் ஏற்றிய டிராக்டர், கல்குவாரி வெடி, மலைக்குப் போகும் பஸ் எல்லாமும்தான் ஆட்டின. என் கோடு என்றைக்குமே கோடாக இருந்ததில்லை, தடித்த கயிறாகத்தான் இருந்தது. அதில் பெரிதாக ஏதாவது துள்ளினால் மட்டும் இது நடுக்கம் என்று எடுத்து எண்ணுவேன். நாளைக்கு ஒன்றிரண்டு தேறும்.

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்கப் போராட்டம் வெடித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. குவாரிக்கு ஆள் வரவில்லை. எனக்கு உதவிக்கு இருந்தவரும் சின்னசேலத்திலேயே மாட்டிக்கொண்டார். வெட்டிய மரங்களுக்காக எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. கேட்ட கோரிக்கைமேல் வருத்தம் இல்லை.

ரோடு நின்ற மறுநாள் தாளை மாற்றினேன். கையில் எடுத்துப் பார்த்ததும் அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கயிறு தலைமுடியாக மெலிந்துவிட்டிருந்தது. அத்தனை மெல்லிய கோட்டை அந்த நிலையத்தில் நான் பார்த்ததே இல்லை. அந்தக் கோட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பிறகு கொத்துக் கொத்தாக, சின்னஞ்சிறு துடிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி நடுக்கம். எண்ண எண்ணத் தீரவில்லை. சந்தோஷத்தில் முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.

தினமும் எண்ணிக்கையைச் சென்னையில் இருந்த மேலதிகாரிக்குப் போனில் சொல்ல வேண்டும். தபாலாபீசுக்கு நடந்து போய் டிரங்க் கால் போட்டேன். எண்ணிக்கையைச் சொன்னேன்.  "திரும்பச் சொல்லும்மா" என்றார். திரும்பச் சொன்னேன். "சார், அதுக்குக் காரணம் ரோடுதான் சார், இங்க..." என்று நான் ஆரம்பிக்கும்போதே லைன் செத்துவிட்டது. எங்கேயோ ரோட்டை மறிக்கச் சாய்த்த ஒரு மரம் போன் கம்பியையும் சேர்த்துச் சாய்த்திருக்கிறது. ஆகவே எண்ணிக்கை சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது, காரணம் மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொய்னாவை நேரில் போய்ப் பார்த்தவர் அவர். நேற்றுவரை ஒன்றிரண்டு, இன்றைக்கு எண்ணி மாளவில்லை என்று அணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சொன்னால் அவர் என்ன செய்வார்? போலீஸ் வயர்லெஸ்ஸில் கள்ளக்குறிச்சி வருவாய்க் கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

எனக்கு அது தெரிந்தது அடுத்த நாள் காலை என் தங்கை வீட்டுக்காரர் பழனி வந்தபோது. மழையில் தொப்பலாக நனைந்து, சைக்கிளை மிதித்த தூரம் பாதி, மரத்துக்கு மரம் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தூரம் பாதி. மூச்சு வாங்கியது.

"அண்ணி, பெரிய நடுக்கம் வருதாமே! ஆஸ்பத்திரிய காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பொழுது போறதுக்குள்ள எல்லாரையும் ஸ்கூல் கிரவுண்டுக்கு இட்டுக்கினு போவணுமாம்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்களாம்!"

என் தங்கை செல்வி கள்ளக்குறிச்சியில் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். இன்றைக்கு இருக்கிற கண்ணாடிப் பெட்டியெல்லாம் அங்கே ஏது? ஒரு மரப்பெட்டியில் பஞ்சைப் பரப்பி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில்தான் குழந்தையை வைத்திருந்தார்கள். சூடு விட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"கொழந்த?" என்றேன்.

"அதான் அண்ணி. கிரவுண்டுல கரண்டு ஏது? மழ வேற ஊத்துது. நர்சம்மா கையப் பெசஞ்சிக்கினு நிக்குது. செல்வி அழுதுக்கினே கீது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. நடுக்கம் வருமா வராதா?"

  குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆர்.டி.ஓ.வை எப்படியாவது பிடித்தாக வேண்டும்.

பிடிக்கப் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் ரோட்டை மறித்துக் கிடந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம், மற்ற மரங்களை மேட்டுநிலத்தில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்த அவருடைய ஜீப் நின்றது. இந்தப் பக்கம் இருபது முப்பது பேர், நடுவில் ஏழுமலை. ஏழுமலை அந்த ரோட்டில் மறியலுக்குத் தலைமை; சொந்தமாக டிராக்டர் வைத்துக் கரும்பு ஓட்டுபவர். என்னுடைய கயிற்றில் பாதி அவர் வண்டி திரித்ததுதான்.

"சார் நடந்து வரட்டும், ஜீப்பு வராது" என்றார் ஏழுமலை. ஆர்.டி.ஓ. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கிளைகளுக்கு நடுவே ஏறி இறங்கி வந்தார். வாட்டசாட்டமான ஆள், தஞ்சாவூர்ப் பக்கம். பல நாள் தூங்காத கண்.

"நீங்கதானே அப்சர்வர்? ஆஸ்பத்திரிய காலி பண்ணப்போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வரி எழுத்துல வேணும்" என்றார்.

"காலி பண்ணாதீங்க சார்."

"உங்க தலைமை ஆபீஸ் வேற மாதிரி சொல்லுதே?"

"அவருக்கு எண்ணிக்கைதான் போச்சு சார். காரணம் போறதுக்குள்ள லைன் அறுந்துபோச்சு. நடுக்கம் ஜாஸ்தி ஆகல. ரோடு நின்னதால இப்பதான் காதுல வுழுது."

அவர் பதில் சொல்வதற்குள் பழனி பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்துவிட்டார். "சார், என் புள்ள பல்புக்கு அடியில கீது சார். வெளிய தூக்கினா செத்துப்பூடும் சார்."

"இவர் யாரு?"

"என் தங்கச்சி வூட்டுக்காரரு" என்றேன்.

ஆர்.டி.ஓ. என் பக்கம் திரும்பினார். "ஓ! அப்போ உங்க ஆளுங்க உள்ள இருக்காங்க. அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் குழந்தைக்காக நீங்க இப்படிச் சொல்றீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்க நூறு பேருக்கு மேல படுத்திருக்காங்க. ஓட்டுக் கட்டடம். விழுந்தா என்ன ஆகும்?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாக்கு நுனிவரைக்கும் வந்த பதிலை இங்கே சொல்ல முடியாது. ஆனால் மழையில் நின்று யோசித்தபோது கேள்வி சரியான கேள்வி என்றுதான் பட்டது. அவர் இடத்தில் நான் இருந்தால் என்னை நான் நம்பியிருக்க மாட்டேன். தம்பிகளா, தங்கைகளா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் கூரைக்குக் கீழே இருக்கும்போது என்னை நம்புங்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். கண்ணுக்குக் காட்டுங்கள். காட்ட முடியவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு அவர்கள் சொல்கிறபடி பிள்ளையைத் தூக்குங்கள்.

"என் பேச்ச நம்ப வேணாம் சார். உள்ள வந்து கண்ணால பாருங்க" என்றேன்.

அறைக்குள் வந்து உருளையைப் பார்த்தார். ஊசி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துடிப்பு, கொஞ்சம் கழித்து இன்னொன்று. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதுக்கு மேலயும் காலி பண்ண வேண்டாங்கறீங்களா?"

"ரோட்டுல ஒரு வண்டி ஓடினா இது அத்தனையும் மறஞ்சிடும் சார். ஓட்டிக் காட்டறேன். வண்டிதான் வேணும்."

அவருடைய ஜீப் மரத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருந்த ஒரே வண்டி ஏழுமலையின் டிராக்டர். ஆர்.டி.ஓ. வெளியே போய், "ஏம்பா, அந்த டிராக்டரை எடு" என்று அதிகாரமாக ஆரம்பித்தார். கூட்டம் அப்படியே இறுகிப்போனது. "சார், நீங்க கொஞ்சம் உள்ள இருங்க" என்று நானே அவரை அறைக்குள் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

ஏழுமலை என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா வண்டி ஓடாது. ஒரு சைக்கிள மிதிக்க வுடாம நிறுத்தி வெச்சிக்கினு கீறோம். ஆர்.டி.ஓ. வந்து நிக்கறப்போ என் டிராக்டரே ரோட்டுல ஓடுச்சின்னா, நாளைக்கு நான் எவன் மூஞ்சில முழிக்கறது?"

பின்னால் ஒருவன், "நடுக்கம் கிடுக்கம்னு சொல்லி ரோட்ட தொறக்கப் பாக்கறாங்கண்ணா" என்றான்.

பழனி கையெடுத்துக் கும்பிட்டார். அழுகிறாரா மழையா என்று தெரியவில்லை. கும்பிட்டால் காரியம் நடக்காது என்று எனக்குத் தெரிந்தது. கெஞ்சுகிறவர்களை அவர்கள் அந்த நாட்களில் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

"ஏழுமலை, நீங்க ரோட்ட நிறுத்தியிருக்கீங்களே, எந்த அளவுக்கு நிறுத்தியிருக்கீங்கன்னு ஒங்களுக்கே தெரியுமா?" என்றேன்.

"இன்னா மேடம்?"

"என் மெஷினுக்குத் தெரியும். வந்து பாருங்க."

வந்தார். போராட்டத்துக்கு முந்தைய தாளையும் ரோடு நின்றபின் எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் கயிறு, ஒன்றில் முடி. "இது ஒங்க வண்டி, கரும்பு லாரி, குவாரி எல்லாம் ஓடுன நாளு. இது நீங்க நிறுத்துன நாளு."

ஏழுமலை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "இம்மாம் சுத்தமாவா நின்னுக்கினு கீது?" வாசலைப் பார்த்துக் கத்தினார். "டேய், வாங்கடா இங்க! நம்ம பந்த்து மெஷின்லயே ஏறிப்போச்சுடா!" நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். என் அறையில் அத்தனை பெருமையான முகங்களை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"இது இன்னா மேடம், நடுவுல நடுவுல எறும்பு ஊர்ற மாதிரி?"

"அது பூமி. எப்பவுமே அப்படித்தான் தட்டிக்கினு கீது. ஒங்க வண்டி சத்தத்துல எனக்குத் தெரியல. இப்ப தெரியுதுன்னு சொன்னேன், அதுக்கு ஆஸ்பத்திரிய காலி பண்றாங்க. வண்டி ஓடுனா இது மறையும்னு அவருக்குக் காட்டணும். இல்லன்னா அந்தப் புள்ள..." முடிக்காமல் பழனியைக் காட்டினேன்.

ஏழுமலை பழனியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு நிலையத்துக்குப் பின்னால் கிடந்த மேட்டுநிலத்தைக் கையால் காட்டினார்.

"ரோட்டுல ஓட்ட மாட்டேன். கொல்லையில ஓட்டறேன். கொல்லைக்கு யாரும் பந்த்து போடல. இன்னாடா?"

"கொல்லைன்னா ஓட்டிக்கண்ணா" என்றான் சற்றுமுன் சந்தேகப்பட்டவன்.

டிரைலர் நிறையக் குவாரிக் கல்லை ஏற்றினார்கள். மழை ஈரத்தில் டிராக்டர் உறுமிக்கொண்டு கொல்லையில் மேலும் கீழும் போனது. ஆர்.டி.ஓ. உருளைக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். டிராக்டர் கிட்டே வரவர முடி கயிறானது. ஒரு துடிப்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. கையை ஆட்டினேன், ஏழுமலை வண்டியை அணைத்தார். கயிறு மறுபடி முடியானது. கொஞ்ச நேரத்தில் எறும்பும் வந்தது. மறுபடி ஓட்டச் சொன்னேன், மறுபடி மறைந்தது.

ஆர்.டி.ஓ. எழுந்தார். நான் நிம்மதிப் பெருமூச்சு விடப்போன நேரத்தில் அவர் ஒன்று கேட்டார். "சத்தம் மறைக்கும்னு காட்டிட்டீங்க, சரி. ஆனா போன மாசமும் இது இருந்துச்சுன்னு எங்க காட்டினீங்க? ரோடு நின்ன அதே நேரத்துல நடுக்கமும் புதுசா ஆரம்பிச்சிருக்கலாம் இல்ல?"

கெட்டிக்கார மனுஷன்! மனசுக்குள் திட்டிக்கொண்டே அவரை மெச்சினேன்.  இதற்கு முன்னால் இந்த ரோடு எப்போது நின்றது? தீபாவளிக்கு வெடிச் சத்தம், தேர்தலுக்கு ஜீப்புகள். வெளியே ஏழுமலை டிராக்டர் முகப்பில் அப்பியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகப்பில் மங்கிப்போன குங்குமப் பொட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. மாட்டுப் பொங்கல்!

எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலன்று பொழுது சாயும்வரை எந்த மாட்டையும் வண்டியில் பூட்ட மாட்டார்கள். டிராக்டரையும் மாடாகவே நினைத்துக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள். குவாரியில் ஈ காக்கை இருக்காது. கழனிக்காரன் மகளுக்கு இது தெரியாதா? பழைய தாள்களிலிருந்து அந்த நாளை உருவி எடுத்து மேசையில் விரித்தேன். பஸ் போன நேரத்தில் கயிறு. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் முடி, அந்த முடியில் அதே எறும்புகள். கொத்துக் கொத்தாக, அன்றைக்குப் பார்த்த அதே வாட்டத்தில்.

"இது தை மாசம் சார். ரோட்டுல மரம் சாயறதுக்கு எத்தினியோ மாசம் முன்னாடி. இன்னொண்ணும் பாருங்க. வண்டி ஓடும்போதே தெரியிற மாதிரி பெருசா வர்றது நாளைக்கு ஒண்ணு ரெண்டு. இந்த வாரமும் அது ஒண்ணு ரெண்டுதான். பெருசு கூடல. சிறுசு எப்பவும் இருந்தது."

ஆர்.டி.ஓ. தாளின்மேல் குனிந்து எறும்புகளை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி. பெரிய நடுக்கம் வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆர்டரை நிறுத்திடறேன்" என்றார்.

பழனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரி எழுதினால் போதும், பல்பு அணையாது. நான், "எழுத மாட்டேன் சார்" என்றேன்.

"என்னம்மா இது?"

"வராதுன்னு சொல்ல யாராலயும் முடியாது சார். இந்த ஊர்லயும் முடியாது, எந்த ஊர்லயும் முடியாது. போன மாசம் எப்படி இருந்துச்சோ இந்த மாசமும் அப்படியேதான் இருக்கு, புதுசா ஒண்ணும் ஆகலன்னு எழுதித் தர்றேன். அதுக்கு நான் பொறுப்பு. போன மாசம் அந்த ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ ஆபத்து இருந்துச்சோ அவ்ளோதான் இன்னிக்கும். அந்த ஆபத்துக்கு நீங்க போன மாசம் காலி பண்ணல."

அவர் சிரித்துவிட்டார். தூக்கமில்லாத அந்த முகத்தில் சிரிப்பு வந்ததே எனக்கு ஆச்சரியம். "எழுதுங்க" என்றார். எழுதினேன். கட்டில் தலைமாட்டில் இருக்கும் மருந்து அலமாரிகளை மட்டும் எதிர்ச் சுவருக்கு நகர்த்தச் சொன்னேன். அது எந்தக் காலத்திலும் நல்லது. அவர் மரத்தைத் தாண்டிப் போய் ஜீப் வயர்லெஸ்ஸில் ஆர்டரை நிறுத்தினார். பழனி அங்கேயே ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளே, அந்த ஒரு வரிதான் என் உத்தியோகம் முழுக்க எனக்குச் சோறு போட்டது என்பேன். ஆகிவிடும் என்று கத்துவதும் சுலபம், ஆகாது என்று ஆறுதல் சொல்வதும் சுலபம். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். உங்கள் வரைபடத்து வரியும் அதே சங்கதிதான். நடுக்கம் கூடியதா, எழுதுகிறவன் கூடினானா, சத்தம் குறைந்ததா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவள் அந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. வார்டில் விஷயம் பரவியிருந்தது. நான் எழுந்தால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், உட்கார்ந்தால் பார்த்தார்கள். தும்மக்கூட முடியவில்லை. செல்வி மட்டும், "ஏங்கா, அதிர்ச்சி ஆபீஸ தொறந்து போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேலி பேசினாள். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். பெட்டிக்குள் குழந்தை பல்பு வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று தூங்கியது.

மறுநாள் காலை நர்ஸ் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது எதிர்ச் சுவர் அலமாரியில் பாட்டில்கள் கிணுகிணுவென்றன. பிறகு ஜன்னல் கண்ணாடி. தரையிலிருந்து என் பாதத்துக்கு ஏறியது அது.  அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. கஞ்சிக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"லாரி" என்றேன். "ரோட்ட தொறந்துட்டாங்க. லாரி வருது."

குரல் நடுங்காமல்தான் வந்தது. பாட்டில் சத்தம் ஏறிக்கொண்டே போய், தெருமுனையில் பாம் பாம் என்று ஹாரன் கேட்டது. ஒரு கிழவர், "அட, கரும்பு லாரிதான்டா!" என்று கத்தினார். வார்டே சிரித்தது. நர்சம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் போக ஆரம்பித்தன. அந்நேரம் மலையடிவாரத்தில் என் கோடு மறுபடி கயிறாகிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா" என்றாள் செல்வி.

"இன்னாடி?"

"லாரி லாரின்னு சொல்லிக்கினு எதுக்குக்கா பெட்டி மேல கவுந்துகினு கீற?"

அப்போதுதான் பார்த்தேன். நாற்காலியை விட்டு நான் எப்போது எழுந்தேனோ தெரியாது. இரண்டு கையையும் பெட்டியின் இரு பக்கமும் ஊன்றி, குழந்தைக்கு மேலே கூரைபோல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். பல்பு என் கழுத்தில் சுட்டுக்கொண்டிருந்தது.

"சும்மா இருடி" என்றேன். நிமிர்ந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.